தம்பி செய்த வட்ட மேசை

ஜூன் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் (கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ அண்ணன் என்று கூப்பிடுகிறவர்), நீ, உன் மகள் குருவி, கம்ப்யூட்டரை டிவியோடு சேர்க்க ஒயர் கொண்டுவந்த மாடிவீட்டு டீச்சர். ஐந்து பேர். ஆறாவதாகத் திரையில் என் தம்பி. அவன் போய் எட்டு வருஷம் ஆனாலும் அவனையும் சேர்த்தே எண்ணுகிறேன். அன்றைக்கு நடந்தது அவனைப் பற்றியதுதானே.

மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கத் தோன்றும், போனில் அது நடக்காது.

எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன்னிடமிருந்து நான் வாங்கி வந்த டிவிடி, நீங்கள் புது வீட்டுக்குக் குடிபோன நாளில் எடுத்தது. பத்து வருஷத்துத் தட்டு. ஓரத்தில் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. தம்பி நடந்து, பேசி, சிரிக்கிற படம் நம்மிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. இதுவும் கெட்டுவிட்டால் குருவிக்கு அப்பா என்று காட்ட ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில்தான் கம்ப்யூட்டருக்கு மாற்றக் கற்றுக்கொண்டேன். நான்கு மாதம் ஆனது. எழுதி எழுதி ஒரு நோட்டு தீர்ந்தது. உன் அண்ணன் கேலி செய்தார். "பஸ் ஓட்டின எனக்கே லைசென்ஸ் கேட்டாங்க, இவ லைசென்ஸ் இல்லாம கம்ப்யூட்டர் ஓட்டறா" என்றார்.

படம் ஓடத் தொடங்கியதும் தம்பி வாசலில் வந்து நின்றான். ஒல்லியாக, நெட்டையாக. நான் மாற்றியது ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. நீதான் எழுந்து நின்றாய். "இது ஆஸ்பத்திரிக்குப் போன அப்புறம் எடுத்ததா அண்ணி? அவரை ஏன் இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க?" என்றாய். அதே டிவிடிதானே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் குருவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாய். டீ ஆறிப்போனது. டீச்சர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பூனை மாதிரி மாடிக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் நோட்டைத் திரும்பப் படித்ததில் என் தப்பு புரிந்தது. டிவிடிக்குள் படம் எழுநூற்று இருபது புள்ளி அகலம், ஐந்நூற்று எழுபத்தாறு வரி உயரம் என்று அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது படத்தின் நிஜ வடிவம் இல்லை. மடித்து வைத்த துணியைப் போல என்று வைத்துக்கொள். எவ்வளவு அகலத்துக்கு விரிக்க வேண்டும் என்று உள்ளேயே தனியாக ஒரு குறிப்பு இருக்கும். பிளேயர் அதைப் பார்த்து விரித்துக் காட்டும். நான் குறிப்பை விட்டுவிட்டு, மடிப்போடு அப்படியே எடுத்துவிட்டேன்.

இறைவன் சாட்சியாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாலும் அதே நினைப்புதான் வருகிறது. போனவனை மறுபடி ஒருமுறை படுக்கையில் கிடத்திவிட்டேனே என்று இருக்கிறது. குறிப்பைப் பார்த்துச் சரியாக மாற்றி அனுப்புகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் அண்ணி


ஜூன் 17

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. மடிப்பு, குறிப்பு எல்லாம் படித்தேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நீங்கள் இவ்வளவு கற்றுக்கொண்டது பெரிய விஷயம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்தப் படம் வேண்டாம். டிவிடியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். அது எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் ஓடட்டும்.

எட்டு வருஷமாக எங்கள் வீட்டு டிவியில் அவர் எப்படி வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். வாசல் நிறைய நிற்பார். தோள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இருக்கும். கடைசி நாலு மாதம் அவரைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்தவள் நான். நாற்பத்திரண்டு கிலோ. அந்த உருவத்தை மறப்பதற்கு எனக்கு அந்த டிவிடி ஒன்றுதான் துணையாக இருந்தது. கல்யாண ஆல்பம் மழையில் ஊறிக் கட்டியாகிப் போய்விட்டது. மிச்சம் லைசென்ஸில் இருக்கிற தபால்தலை அளவு முகம்தான், அதுவும் மங்கல். உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நான் மறந்த உருவத்தையே கொண்டுவந்து நிறுத்தினீர்கள். 

இன்னொன்று. பஸ்ஸில் வரும்போது குருவி கேட்டாள். "அப்பா நெஜமாவே எப்படிம்மா இருந்தாரு?" என்று. அவளுக்கு இப்போது அதுதான் கவலை. வகுப்பில் நீட்ட மூஞ்சி, ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறார்களாம். அம்மா மாதிரியும் இல்லை, அப்பா மாதிரியும் இல்லை, அப்போது நான் யார் மாதிரி என்று கேட்கிறாள். என் முகம் உருண்டை. டிவியில் அவர் முகம் அதைவிட அகலம். இரண்டு வயதில் அப்பாவை விட்டவள். அவளுக்கு ஒரே ஒரு அப்பா போதும் அண்ணி, இரண்டு வேண்டாம்.

டிவிடியை அனுப்புங்கள்.


ஜூன் 26

அன்புள்ள சின்னவளுக்கு,

டிவிடியை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நீ கேட்டபடி முதலில் அதைச் செய்துவிட்டேன். கூடவே ஒரு பென்டிரைவும் இருக்கிறது. அதை இப்போது திறக்காதே. கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டு, நான் கேட்கிற ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டு, அப்புறம் திறக்கத் தோன்றினால் திற.

குறிப்பைப் பின்பற்றி மறுபடி மாற்றினேன். தம்பி அகலமாக வந்தான், உன் டிவியில் வருகிற அதே ஆள். நிம்மதியாக இருந்தது. கவரை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

புது வீட்டுக்கென்று அவன் செய்த மேசை வருகிற இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். கால்களைத் தனியாகக் கொண்டுவந்துவிட்டு, பலகையை மட்டும் சக்கரம் மாதிரி உருட்டிக்கொண்டு வாசலில் நுழைகிறான். ஹாலில் வந்ததும் பலகையைக் கேமராவுக்கு நேராக நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் குந்திக்கொள்கிறான். உன் இடுப்பில் ஆறு மாதக் குருவி. பலகை ஓரத்திலிருந்து முகத்தை நீட்டி அவளுக்கு 'பே' காட்டுகிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தேன். மேசை முட்டை மாதிரி இருந்தது.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். தையல் டேப்பை எடுத்துத் திரையில் வைத்தே அளந்தேன். அகலம் இருபது சென்டிமீட்டர், உயரம் பதினைந்து. உன் அண்ணனையும் அளக்கச் சொன்னேன். அவருக்கும் அதே இருபது, அதே பதினைந்து.

சின்னவளே, நீயே சொல். உன் புருஷன் முட்டை வடிவத்தில் மேசை செய்கிற ஆளா? தச்சு வேலையில் ஒரு நூல் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காதவன். நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கதவு மழைக்கு உப்பிக்கொண்டபோது, கதவின் மேல் தப்பில்லை, நிலைதான் சாய்ந்திருக்கிறது என்று தூரத்தில் நின்று பார்த்தே சொன்னான். மட்டம் வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருந்தது. கூடப்பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் கண்ணைப் போலக் கண் நான் வேறு யாருக்கும் பார்த்ததில்லை. அவன் உருட்டிக்கொண்டு வரும்போது பலகை எங்கேயும் குதிக்கவில்லை. தண்ணீர் மாதிரி வருகிறது. முட்டையை அப்படி உருட்ட முடியாது.

அப்புறம், அன்றைக்கு உங்களுக்குப் போட்டுக் காட்டிய முதல் படத்தையும் அளந்தேன். அகலம் பதினைந்து, உயரம் பதினாறு. அதுவும் வட்டம் இல்லை. அவனை நிஜத்தைவிட ஒல்லியாகத்தான் காட்டியிருக்கிறேன். நீ கோபப்பட்டது நியாயம். ஆனால் நீ வைத்திருக்கிற படமும் சரியில்லை. நான் காட்டியது கொஞ்சம் தப்பு, டிவி காட்டுவது நிறையத் தப்பு.

டிவிடிக்குள் இருக்கிற குறிப்பே எப்படித் தப்பாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் படத்தை எடுத்த ஸ்டுடியோக்காரரைத் தேடிப் போனேன். அதே கடையில் இப்போது போனுக்கு உறை விற்கிறார். நான் கேட்டதும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அக்கா, நீங்கதானே மாத்தச் சொன்னீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைக் கிளறினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. 'ஸ்டுடியோவில் டிவிடியைத் திருப்பிக் கொடுத்தேன். தம்பி வீட்டுப் புது டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. நல்ல நாள் படத்தில் கறுப்பு வேண்டாம் என்று எடுத்துவிடச் சொன்னேன்.'

அந்தக் கேமரா எடுத்தது பழைய டிவிப் பெட்டி வடிவத்துப் படம். நீங்கள் வாங்கியது அகல டிவி. படம் நடுவில் நிற்கும், மிச்ச இடம் கறுப்பாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக அவர் உள்ளே இருக்கிற குறிப்பை மட்டும் 'அகலம்' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த வருஷம் வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்களாம், டிவி நிறைந்தால் போதும் என்று. அன்றையிலிருந்து பிளேயர் அவனை மூன்று பங்கு இருந்த இடத்தில் நாலு பங்காக இழுத்துக் காட்டுகிறது. கறுப்பைப் போக்குகிறேன் என்று என் தம்பியையே இழுத்துவிட்டவள் நான்தான். ஸ்டுடியோக்காரர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "படத்துல ஒண்ணும் கெடலக்கா, குறிப்புதான் தப்பு. ஆள் உள்ள அப்படியே இருக்காரு" என்றார். கடை வாசலிலேயே நின்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன்.

தம்பிக்கு இது தெரிந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். மாற்றிக் கொண்டுவந்த டிவிடியை முதல் தடவை போட்டபோது, "டிவில ஏறினா எனக்கு ஒடம்பு வெச்சிடுதுக்கா" என்று சிரித்தான். நாம் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பார்க்கப் பார்க்கப் பழகிவிட்டது. அப்புறம் அவனே இல்லாமல் போனபோது, ஒத்துப் பார்க்க ஆள் இல்லை.

பழைய டிவிப் பெட்டி வடிவத்துக்கு ஏற்றபடி எழுநூற்று அறுபத்தெட்டுக்கு ஐந்நூற்று எழுபத்தாறு என்று வைத்து மூன்றாவது தடவை மாற்றியிருக்கிறேன். அதுதான் பென்டிரைவில் இருப்பது. இதில் மேசை பதினாறுக்குப் பதினாறு. அவன் எப்படி இருக்கிறான் என்று நான் சொல்லமாட்டேன். பெண்டாட்டிக்குப் புருஷனைப் பற்றிச் சொல்ல நான் யார்?

நான் கேட்கிற வேலை இதுதான். மேசை உன் வீட்டில் இருக்கிறது. குருவி அதில்தான் பாடம் எழுதுகிறாள். டேப் வைத்து நாலா பக்கமும் அளந்து பார். அதற்குமேல் உன் விருப்பம்.

உன் அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு, நாலு நாள் கவரை அலமாரியில் வைத்திருந்தேன். பென்டிரைவைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று சாயங்காலம் குருவிதான் டேப்பைக் கொண்டுவந்தாள். நீங்கள் எழுதியதை அவளும் படித்துவிட்டாள் போலிருக்கிறது. மேசைமேல் ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அளந்து சத்தமாகச் சொன்னாள். "இப்படி மூணு அடி. அப்படியும் மூணு அடி. குறுக்கேயும் மூணு அடி. அத்தை எதுக்கும்மா இதைக் கேக்கறாங்க, வட்டம்னா அப்படித்தானே இருக்கும்?" அவளுக்கு வட்டம் என்றால் அப்படித்தான். வீட்டில் அவளுக்குத் தெரிந்த வட்டம் அவள் அப்பா செய்ததுதான்.

அதன் பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். பன்னிரண்டு வருஷமாக முகம் அளக்கிறேன். ஒரு முகத்தைப் பார்த்தாலே எந்த பிரேம் நிற்கும் என்று சொல்லிவிடுவேன். உள்ளே போய் அவருடைய பழைய கண்ணாடியை எடுத்தேன். எட்டு வருஷமாக அந்த டப்பாவைத் திறந்ததில்லை. கம்பியின் உள்பக்கத்தில் அளவு அச்சடித்திருக்கும். பார்த்தேன். கடையில் ஆண்களுக்கு வைத்திருக்கிறதிலேயே குறுகலான அளவு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது அண்ணி. முதன்முதலில் அவர் கடைக்கு வந்த நாளில், பெரிய பிரேம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், "சார், அகல பிரேம் உங்க மூஞ்சிக்கு நிக்காது, வழுக்கிடும்" என்றேன். "ரெண்டு பக்கமும் ஆப்பு வெச்சு நிறுத்திக்கறேம்மா, நமக்கு அதுதானே தொழில்" என்றார். நான் சிரித்துவிட்டேன். முதலாளி முறைத்தார். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தையே அவர் முகம் குறுகல் என்பதுதான். அதை எப்படி மறந்தேன்? என் வாயால் சொன்னதை ஒரு டிவி அழித்துவிட்டது.

பென்டிரைவைப் போட்டோம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. நடுவில் அவர் வந்து நின்றார்.

முதல் நிமிஷம் எனக்கு யாரோ போலத்தான் இருந்தது. உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அந்தத் தோள் இல்லை, அந்த வாசல் நிறைந்த ஆள் இல்லை. அழுகை வந்தது. அப்புறம் பலகையை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு விரல் மட்டும் மேலே வைத்து, தட்டித் தட்டி, சின்னப்பிள்ளை வளையம் ஓட்டுகிற மாதிரி. அவ்வளவு பெரிய பலகையை ஒற்றை விரலால் ஓட்டுகிறார். நோயாளியால் அது முடியுமா? நல்ல திடமான ஆள், ஒல்லியான ஆள். அவ்வளவுதான். அவர் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

இதை யாரிடமும் சொல்லமாட்டேன், உங்களிடம் சொல்கிறேன். அந்த டிவி ஆளையும் கடைசியில் நான் தூக்கிய ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோய் அவரிடமிருந்து இவ்வளவு கொண்டுபோய்விட்டதே என்று எட்டு வருஷம் வயிறு எரிந்திருக்கிறேன். நோய் கொண்டுபோனது நிஜம். ஆனால் நான் நினைத்ததில் பாதி அவரிடம் எப்போதும் இருந்ததே இல்லை. அத்தனை தோளையும் நான் சும்மா பறிகொடுத்திருக்கிறேன்.

'பே' காட்டுகிற இடத்தில் குருவி நிறுத்தச் சொன்னாள். எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. வழுக்கவில்லை அண்ணி. பத்து வயதுப் பெண்ணுக்கு அப்பாவின் கண்ணாடி கொஞ்சம்தான் பெரியது. அதே நீட்ட முகம், அதே தாடை. என்னைப் பார்த்துத் திரும்பி, "அம்மா, அப்பாவுக்கு என் மூஞ்சி" என்றாள்.

இன்றைக்குக் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது தலையை இழுத்துக் கட்டச் சொன்னாள். நெற்றியில் முடியை விட்டு முகத்தை மறைத்துக்கொண்டு போகிறவள்.

நான் அன்றைக்குப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கறுப்புப் பட்டைக்காக உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். அது வேண்டாம் என்று உங்களிடம் முதலில் மூக்கைச் சுளித்தவள் நான். அது உங்கள் நோட்டில் இருக்காது. எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டுடியோக்காரர் கைவைத்தும் கெடாத படத்தை, டேப் வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். தம்பிக்குக் கண் இருந்தது என்று எழுதினீர்கள். அக்காவுக்கும் அதே கண்தான்.

சின்னவள்


ஜூலை 10

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆப்பு வைக்கிற இடம் வரை சிரித்துக்கொண்டே கேட்டவர், குருவி கண்ணாடி மாட்டிக்கொண்ட இடத்தில் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். கை கழுவ வேண்டுமாம். மூன்று மணிக்கு என்ன கை கழுவல்?

நீ சொன்னபடி நோட்டில் எழுதிவிட்டேன். 'மூக்கைச் சுளித்தவள் சின்னவள், மாற்றச் சொன்னவள் நான், இழுபட்டவன் தம்பி, புகார் சொல்லாமல் சிரித்தவனும் அவனே.' அவன் பொறுமைக்கு ஈடு கிடையாது. உனக்கும் கிடையாது. முகம் தெரியாத ஒருவரைப் போல அவன் வந்து நின்றபோதும் நீ பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் டிவியை அணைத்திருப்பேன்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. இந்தப் படம் என் கம்ப்யூட்டரில் மூன்று விதமாக இருந்தது. ஒல்லியாக்கியது நான் செய்த தப்பு, அதை அளந்து பார்த்ததும் அழித்துவிட்டேன். வட்டம் வட்டமாக வருகிறதை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறேன், ஒன்று டீச்சர் வீட்டில். அகலமானது இன்னும் அப்படியே இருக்கிறது. டிவிடி கெட்டுப்போனாலும் அது இருக்கும். அது தப்பான படம்தான். ஆனால் எட்டு வருஷம் உனக்குத் துணையாக இருந்த ஆள் அதற்குள்தான் இருக்கிறார். அவரை அழிக்கிற உரிமை எனக்கில்லை. குருவிக்கு ஒரே அப்பா போதும் என்றாய், அது சரி. உனக்கு எத்தனை என்று நீதான் சொல்ல வேண்டும்.

வைத்திருக்கட்டுமா, அழித்துவிடட்டுமா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணி